இறக்கத்தில் தெரியும் டிரைவர்

மாருதி 800 வைத்திருப்பவனைக் கண்டால் இப்போது கொல்லிமலையிலேயே சிரிக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி சொன்னான்: “அண்ணே, நம்ம வண்டி ஆல் வீல் டிரைவ். மலையெல்லாம் அதுவே பாத்துக்கும். நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சாப் போதும்.” பெரக்கரை நாட்டில் வாடகை வண்டி ஓட்டியே தலை நரைத்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

இரண்டையும் ஓட்டுகிறவன் நான். சொந்த வண்டி 800. கூப்பிட்டால் போய் ஓட்டுவது ஒருவருடைய கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப், அந்தத் தம்பி சொன்ன ஆல் வீல் டிரைவ்தான். புது வண்டியின் நல்லதை மறைக்க மாட்டேன். 800-க்கு முன்சக்கரத்தில் மட்டும்தான் இழுவை. ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாய்ந்துவிடும். இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகி, ஐப்பசி மழைச் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் மிளகு மூட்டையை டிக்கியில் போட மாட்டோம். முன்சீட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டு ஆளை இறங்கி நடக்கச் சொல்வோம். விட்டாராவில் முன்சக்கரம் வழுக்கினால் பின்சக்கரத்துக்கும் இழுவை போய்விடுகிறது. தோட்டத்துப் பாதையில் அது ஏறுவதைப் பார்த்தால் எனக்கே பொறாமைதான்.

அதெல்லாம் ஏற்றத்தோடு சரி. அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்போது நாலு சக்கரத்துக்கும் இழுவை இருந்து என்ன ஆகப்போகிறது? பிரேக் 800-லும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. 800-இன் எடை சுமார் 650 கிலோ, விட்டாராவின் எடை சுமார் 1,200 கிலோ. தானே பிடித்து இறக்குகிற பொத்தான் ஒன்று புது வண்டியில் உண்டு. அது பிடிப்பதும் அதே பிரேக்கைத்தான்.

இறக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமா. வாழைத்தாரும் அன்னாசியும் ஏற்றி லாரி ஓட்டியவர். வாயில் வெற்றிலையோடு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பார்; பேச மாட்டார். வளைவுக்குள் போய் நான் பிரேக்கைத் தொட்டால் மட்டும் முழங்காலில் ஒரு தட்டு விழும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும்; ஏறின கியரிலேயே இறங்க வேண்டும்; கிளட்சை மிதித்துக்கொண்டு திரும்பக் கூடாது. எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து காரவள்ளி வந்தால் எல்லாரும் டீக்கடைக்குப் போவார்கள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோவார். முன்சக்கரத்தில் அனல் அடித்தால் எனக்கு டீ கிடையாது. “பிரேக்காலயே இறங்கியிருக்க மாப்ளே” என்பார். பல மாதம் அந்த டீ எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்த அன்றும் பாராட்டெல்லாம் இல்லை. சர்க்கரை தூக்கலா என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கு யார் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்? பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். ரெண்டு மிதிக்கு மேல் பூஸ்டர் செத்துப்போகும், பிரேக் கல்லாகிவிடும் என்பது தெரியாமலே. வளைவில் ஹாரன் அடிப்பது கௌரவக் குறைச்சலாம். பாதிப் பேர் வளைவுக்கு வளைவு படம் எடுக்க நிற்கிறார்கள், அதுவும் திருப்பத்திலேயே. சமதரையில் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அகலத்தையும் சொல்ல வேண்டும். 800 ஒரு மீட்டர் 44 சென்டிமீட்டர். விட்டாரா ஒன்றே முக்கால் மீட்டருக்கும் மேல். வித்தியாசம் ஒன்றரைச் சாண்தான். எதிரே பஸ் வரும்போது அந்த ஒன்றரைச் சாண் எவ்வளவு பெரிது என்பது ஓரத்துச் சுவர்ப் பக்கம் இருக்கிறவனுக்குத்தான் தெரியும்.

1983-இல் வந்த 800-ஐ 2014-இல் நிறுத்திவிட்டார்கள். என் வண்டிக்கு இன்னும் சாமான் கிடைக்கிறது, ஓட்டுகிறேன். நீங்கள் எந்த வண்டியில் வேண்டுமானாலும் வாருங்கள், அறப்பளீசுவரரைக் கும்பிடுங்கள், அருவியில் குளியுங்கள். திரும்பி இறங்கும்போது மட்டும், கீழிருந்து ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விடுங்கள். ஏற்றத்தில் நின்றுவிட்டால் பாரத்தோடு மறுபடி எடுப்பது அவனுக்குத்தான் கஷ்டம். சட்டமும் அவனுக்குத்தான் முன்னுரிமை கொடுத்திருக்கிறது.