மறுபடியும் பென்சில்

2பி போதும். 6பி கையெல்லாம் கரி.

ஷார்ப்னர் வேண்டாம், பிளேடுதான். முனை நீளமாக வரும். படுக்கவைத்தும் தேய்க்கலாம்.

இந்தியப் பென்சிலுக்கு மரம் பெரும்பாலும் காஷ்மீரிலிருந்து. புல்வாமா பக்கம் பாப்ளர் மரத்தைப் பலகையாக அறுத்து அனுப்புகிறார்கள். செய்தியில் அந்த ஊர் பெயர் வேறு எதற்காகவோ வரும். மடியில் விழும் செதில் அந்த ஊருடையதாக இருக்கலாம்.

நடுவிரலில் இருந்த காய்ப்பு எப்போதோ போய்விட்டது. பென்சில் இன்னும் அந்த இடத்தைத்தான் தேடுகிறது.

முதலில் எதை வரைய? அரிவாள்மனை. அம்மாவுடையது.

பலகை சமமாக இல்லை. இத்தனை வருஷம் பார்த்தும் இன்றைக்குத்தான் தெரிகிறது. ஒரு பக்கம் லேசாகக் குழிந்து வழவழவென்று இருக்கிறது. காலை மடக்கி அழுத்தும் இடம். மறுபக்கம் ரம்பம் அறுத்த கோடுகள் அப்படியே.

தேங்காய் துருவும் பற்கள். கை தன் போக்கில் ஒரே மாதிரிப் பல்லாகப் போட்டுக்கொண்டே போகிறது. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு மழுங்கியிருக்கிறது. ஒன்று பாதி இல்லை.

வளைவுக்கு மூன்று கோடு. எதையும் அழிக்கவில்லை.

டிராயிங் மாஸ்டர் தோளிலிருந்து போடச் சொல்வார். மணிக்கட்டில் போட்டால் கோடு சீக்கிரம் நின்றுவிடும். மேஜைமேல் ஒரு குடம் வைப்பார். அதன் வாயை வகுப்பு முழுக்க வட்டமாகவே போடும். கிட்ட வந்து தலையைப் பிடித்துக் கீழே தாழ்த்துவார். வட்டம் ஒடுங்கும்.

லோயர், ஹயர் என்று கவர்மெண்ட் பரீட்சை. ஃப்ரீஹேண்டில் ஸ்கேல் தொடக்கூடாது.

சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பத்தின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். ஆனந்த விகடனில் வந்தது. வெளிமண்டபத் தூண் என்றால் வெயில் நகர நிழலும் நகருமே. எந்த நேரத்து நிழலை வைத்துக்கொண்டார்? பழைய இதழ்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஓவியர் கோபுலு. 1924–2015. பக்கவாதத்தில் வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் வரையப் பழகினார். முன்பு கேட்டபோது வியப்பு. இப்போது வேறொன்று: இடக்கையில் முதலில் எதை வரைந்திருப்பார்?

மழை. தாள் நமுத்துவிட்டது. பென்சில் இழுக்கிறது. அழித்தால் மேல்தோல் திரள்கிறது.

பென்சில் முனை, கிராஃபைட்டோடு களிமண்ணைக் குழைத்துச் சுட்டது. கோன்டே கண்ட முறை, பிரான்ஸ், 1795. களிமண் கூடினால் கோடு வெளிறும். மழைக்கு எச்பி எடுத்துப் பார்க்கலாம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். படம் எப்படி இருக்கிறது என்று ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தப் பல்லு உங்க அக்கா கல்யாணத்துல போச்சு."

பலகையில் இரண்டு ஆணி. ஒன்றின் தலை சாய்ந்திருக்கிறது. அது பாக்கி.