டீக்கடைச் சுவரில் நேதாஜி... அவரைச் சுமந்து வந்த நீர்மூழ்கி என்ன ஆச்சு? போடி டு சென்னை ஒரு ரயில் பயணம்!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு டீக்கடைச் சுவரைப் பார்த்தாலே ஊரின் மனசு பாதி புரிந்துவிடும். சாமி படங்களுக்குப் பக்கத்தில் கோட் போட்ட பென்னிகுயிக் இருப்பார். மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை 1895-ல் கிழக்கே திருப்பிவிட்ட இங்கிலீஷ்கார இன்ஜினீயர். பல கடைகளில் அவருக்குப் பக்கத்திலேயே ராணுவ உடையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். வயிற்றுக்குச் சோறு போட்ட இங்கிலீஷ்காரரும், இங்கிலீஷ்காரர்களை விரட்டப் படை திரட்டியவரும் ஒரே சுவரில், அடுத்தடுத்த ஆணியில் தொங்குவதில் இந்த மண்ணுக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

பென்னிகுயிக்கின் கதையைக் கூடலூர், கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்வார்கள். நேதாஜியின் கதையில் எல்லோருக்கும் பிடித்தது, அவர் ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் தப்பி வந்த சாகசம்தான். ஆனால், "தாத்தா, அந்த நீர்மூழ்கி அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு பேரன் கேட்டால், பெரும்பாலான தாத்தாக்கள் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி யோசிக்க வேண்டியதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. போடிநாயக்கனூரில் ரயில் ஏறுவது.

நாலரைப் பெட்டி நீளம்

அகலப் பாதைப் பணிக்காக 2010-ம் ஆண்டு முடிவில் நின்றுபோன போடி ரயில், 2023 ஜூன் 15-ல்தான் திரும்ப வந்தது. அன்றே சென்னை சென்ட்ரலுக்கும் நேரடி ரயில் தொடங்கியது. இரவில் போடியில் ஏறினால் தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை எனக் கடந்து, விடியும்போது சென்னையை நெருங்கிவிடலாம். ஏலக்காய் வாசனையோடு கிளம்பும் இந்த ஊருக்கும் கடலுக்கும் ஒட்டு உறவே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால், இங்கிருந்து ஓடும் வைகையும் கடலைப் பார்த்துத்தான் போகிறது.

ரயில் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 24 மீட்டர். நாலரைப் பெட்டியை ஒட்டவைத்து, அதற்குள் ஏறத்தாழ நூறு பேரை அடைத்து, ஜன்னல்களையெல்லாம் மூடிக் கடலுக்கடியில் இறக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் நேதாஜி ஏறிய ஜப்பானிய நீர்மூழ்கி. பெயர் ஐ-29. நீளம் சுமார் 109 மீட்டர். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 14,000 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 26,000 கிலோமீட்டர் போகும். பூமியின் சுற்றளவில் பாதிக்கும் மேல்! போதாததற்கு, இந்த வகைக் கப்பல்களில் இறக்கை மடக்கிய ஒரு குட்டி விமானத்தையும் வைத்துக்கொள்ள முடியும்.

இவ்வளவு பெரிய கப்பலைக் கட்டிய ஜப்பான், நாற்பது ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் தொழிலே தெரியாத நாடு. ரஷ்யாவோடு போர் நடந்த காலத்தில் அமெரிக்காவிடம் ஐந்து சிறிய நீர்மூழ்கிகளை வாங்கியது. பாகம் பாகமாக வந்த அவற்றை 1905-ல் ஜப்பானில் பூட்டிச் சேர்த்தார்கள். அடுத்து, சொந்தமாகக் கட்டிப் பார்த்தார்கள். அப்படிக் கட்டிய ஆறாம் எண் நீர்மூழ்கி 1910 ஏப்ரல் 15-ல் பயிற்சியின்போது மூழ்கி, உள்ளே இருந்த 14 பேரும் இறந்தார்கள். கப்பலை மேலே தூக்கியபோது, அதன் தலைவர் சகுமா மூச்சுத் திணறும் நேரத்திலும் எழுதிவைத்த கடிதம் கிடைத்தது. விபத்து எப்படி நடந்தது, என்ன பிழை என்பதை அடுத்து வருபவர்களுக்காக அவர் குறித்துவைத்திருந்தார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியின் நீர்மூழ்கிகளைக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்துக் கற்றார்கள். பசிபிக் பெருங்கடல் பெரியது, எதிரி தூரத்தில் இருக்கிறான். அதனால் ஜப்பானியக் கப்பல்கள் நீளமாகவும், நெடுந்தூரம் போகிறவையாகவும் வளர்ந்தன.

நடுக்கடலில் ரப்பர் படகு

ரயில் மதுரையைத் தொடும்போது இன்னொரு நினைவு. 1939 செப்டம்பரில் நேதாஜி மதுரைக்கு வந்திருந்தார். அதற்குச் சில நாள்கள் முன்பு, செப்டம்பர் 3-ல், சென்னை மெரினா கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உலகப் போர் தொடங்கிவிட்ட செய்தி அவர் கைக்கு வந்தது. 1941 ஜனவரியில் கொல்கத்தாவில் வீட்டுக் காவலிலிருந்து தப்பி, காபூல் வழியாக ஜெர்மனி போனார். அங்கே எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை. தென்கிழக்கு ஆசியாவில்தான் இந்தியப் போர்க்கைதிகளும், மலாயா தோட்டங்களில் லட்சக்கணக்கான தமிழர்களும் இருந்தார்கள். அங்கே போக வேண்டும். வானிலும் வழியில்லை, நிலத்திலும் வழியில்லை. மிச்சமிருந்தது கடலடி மட்டும்தான்.

1943 பிப்ரவரியில் யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் நேதாஜியும் அவருடைய உதவியாளர் அபித் ஹசனும் ஏறினார்கள். டீசல் நாற்றம், அசைய இடமில்லாத அறை, கிட்டத்தட்ட மூன்று மாதப் பயணம். மறுபக்கம், ஏப்ரல் தொடக்கத்தில் பினாங்கிலிருந்து ஐ-29 கிளம்பியது. மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே இரண்டும் சந்தித்தபோது, அலை அடங்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, ஏப்ரல் 28-ல் சின்ன ரப்பர் படகில் இருவரும் தொப்பலாக நனைந்தபடி ஜப்பானியக் கப்பலுக்கு மாறினார்கள். ஜெர்மனிக்குப் போக வேண்டிய இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் அந்தப் பக்கம் ஏறினார்கள். கூடவே தங்கக் கட்டிகளும் போயின.

விருந்தாளி இந்தியர் என்பதால் பினாங்கிலேயே மசாலாப் பொருள்களை வாங்கிவைத்து, காரமான சாப்பாடு போட்டார்களாம் ஜப்பானியர்கள். வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது என்று பிற்பாடு அபித் ஹசன் நினைவுகூர்ந்தார். மே 6-ல் சுமத்ரா அருகேயுள்ள சபாங் தீவில் நேதாஜி கரை இறங்கினார். ஜூலையில் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். டீக்கடைச் சுவரில் இருப்பது அந்தக் கால நேதாஜிதான்.

இரண்டும் திரும்பவில்லை

பேரனின் கேள்விக்கு இப்போது வரலாம். அந்த நீர்மூழ்கி என்ன ஆச்சு?

1944 மார்ச்சில் ஐ-29 ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்ஸ் துறைமுகமான லோரியாங் வரை போய்ச் சேர்ந்தது. ஜெட் விமானங்களின் வரைபடங்கள் போன்ற பொக்கிஷங்களை ஏற்றிக்கொண்டு ஜூலையில் சிங்கப்பூர் திரும்பியது. ஜப்பானுக்கு இன்னும் சில நாள் பயணம்தான். ஆனால், ரகசியச் செய்திகளை அமெரிக்கர்கள் இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். எங்கே, எப்போது வரும் என்று தெரிந்தே பிலிப்பைன்ஸுக்கு வடக்கே பாலின்டாங் கால்வாயில் காத்திருந்தன அமெரிக்க நீர்மூழ்கிகள். 1944 ஜூலை 26-ல் 'சாஃபிஷ்' வீசிய டார்பிடோக்கள் ஐ-29-ஐ மூழ்கடித்தன. உயிரோடு கரை சேர்ந்தவர் ஒரே ஒருவர்.

அடுத்த மாதமே, நேதாஜியை ஏற்றிவந்த ஜெர்மனியின் யு-180-ம் பிரான்ஸ் கரைக்கு அப்பால் 56 பேரோடு காணாமல்போனது. அவரைச் சுமந்த இரண்டு கப்பல்களுமே இன்று கடலடியில்தான் கிடக்கின்றன.

இது இந்த இரண்டு கப்பல்களுக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை. குட்டிக் கப்பல்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், போரில் ஜப்பான் வைத்திருந்தவை சுமார் 174 நீர்மூழ்கிகள். அவற்றில் 128 அழிந்தன. நான்கில் மூன்று!

காரணம் கப்பல் மோசம் என்பதில்லை. அவர்களுடைய டார்பிடோ அன்றைய உலகில் முதல் தரம். ஐ-19 என்ற கப்பல் 1942 செப்டம்பரில் ஒரே முறை வீசிய ஆறு டார்பிடோக்களில் 'வாஸ்ப்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. வேறு இரண்டு போர்க்கப்பல்களும் அடிபட்டன. கோளாறு யோசனையில் இருந்தது. போர்க்கப்பலைத்தான் அடிக்க வேண்டும், சரக்குக் கப்பலை அடிப்பது வீரனுக்கு அழகல்ல என்ற எண்ணம் ஜப்பானியத் தளபதிகளிடம் ஊறிப்போயிருந்தது. அமெரிக்காவோ ஜப்பானின் சரக்குக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்து, எண்ணெயையும் உணவையும் நிறுத்தியது. கடைசியில் தீவுகளில் பட்டினி கிடந்த சிப்பாய்களுக்கு அரிசி மூட்டை சுமக்கும் வேலைக்கு ஜப்பானின் நீர்மூழ்கிகள் இறங்கின. ரேடாரும் தாமதமாகவே வந்தது.

நம் கடலில் நடந்தவை

இந்துமாக் கடலில் இவற்றின் தளம் பினாங்கு. வங்காள விரிகுடா முதல் அரபிக் கடல் வரை சுற்றின. 1944 பிப்ரவரி 11-ல் விசாகப்பட்டினம் அருகே கப்பல் கூட்டம் ஒன்றைத் தாக்கிய ஆர்ஓ-110 நீர்மூழ்கியை, இந்தியக் கடற்படையின் 'ஜம்னா'வும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து மூழ்கடித்தன. மறுநாளே மாலத்தீவு அருகே, கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெதிவ் இஸ்மாயில்' கப்பலை ஐ-27 தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்க, ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். அவர்களில் செவிலியர்களும் இருந்தார்கள். ஐ-27-ம் அன்றே அழிக்கப்பட்டது.

அதே ஆண்டு மார்ச் 26-ல் கொழும்பு நோக்கி வந்த 'டிஜிசலாக்' என்ற டச்சுக் கப்பலை மூழ்கடித்த ஐ-8, தப்பியவர்களை மேல்தளத்தில் ஏற்றிக் கொன்றது. பிழைத்தவர்கள் ஐந்து பேர். நேதாஜியைக் கரை சேர்த்த கடற்படைதான் இதையும் செய்தது. சாகசக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

போர் முடிந்ததும் மிச்சமிருந்தவற்றையும் அமெரிக்கா விட்டுவைக்கவில்லை. 1946 ஏப்ரல் 1-ல் கோட்டோ தீவுகளுக்கு அப்பால் 24 நீர்மூழ்கிகளை வரிசையாக மூழ்கடித்தது. மூன்று விமானங்களைச் சுமந்த, அன்று உலகிலேயே பெரிய நீர்மூழ்கியான ஐ-400, சோவியத் ரஷ்யா கைக்குப் போய்விடக் கூடாது என்று ஹவாய் அருகே மூழ்கடிக்கப்பட்டது. 2013-ல்தான் அது கடலடியில் மறுபடி கண்ணில் பட்டது.

விடிந்தால் சென்ட்ரல்

காலையில் ரயில் சென்ட்ரலில் நிற்கும்போது போடி மக்கள் பைகளை எடுத்துக்கொண்டு அவசரமாக இறங்குவார்கள். அவர்களில் சிலர், மருந்துச் சீட்டோடு எதிரே இருக்கும் அரசுப் பொது மருத்துவமனைக்குத்தான் போவார்கள். மருத்துவமனையையும் மருத்துவக் கல்லூரியையும் ஒட்டித்தான் ஒரு காலத்தில் சென்னை மத்தியச் சிறை இருந்தது. 2006-ல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட, 2009-ல் பழைய சிறை இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்தன.

1932-ல் அந்தச் சிறையில் நேதாஜியே கைதியாக இருந்திருக்கிறார். ஆனால், நீர்மூழ்கிக் கதை அங்கே முடிவது வேறொருவரோடு.

நேதாஜி கிழக்கே வருவதற்கு முந்தைய ஆண்டு, பினாங்கில் உளவுப் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்கள் இரகசியமாகத் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் பர்மா வழியாக நடந்தும், சிலர் ஜப்பானிய நீர்மூழ்கியிலும் வந்தார்கள். 1942 செப்டம்பர் இறுதியில், மலபார் கரையிலுள்ள தானூர் அருகே நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் படகில் ஐந்து பேர் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவனந்தபுரம் பக்கத்து வக்கம் கிராமத்தில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா போனவர். கரை ஏறிய கொஞ்ச நேரத்திலேயே பிடிபட்டார்கள்.

சென்னையில் விசாரணை. ஐந்து பேருக்கு மரண தண்டனை. அதில் ஒருவருடையது மேல்முறையீட்டில் மாறியது. 1943 செப்டம்பர் 10-ல் வக்கம் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர், இரண்டு இந்துக்கள். தன்னை ஓர் இந்துத் தோழனோடு சேர்த்தே தூக்கிலிட வேண்டும் என்று காதர் கடைசி ஆசையாகக் கேட்டதாகவும், அதன்படி அவரும் அனந்தனும் ஒன்றாகத் தூக்குமேடை ஏறியதாகவும் சொல்லப்படுகிறது. காதருக்கு அப்போது வயது 26.

அப்போது நேதாஜி தென்கிழக்கு ஆசியாவில் இருந்தார். அவரும் நீர்மூழ்கியிலிருந்து ரப்பர் படகில் இறங்கியவர்தான். காதரும் அப்படித்தான். ஒருவர் இறங்கிய கப்பலை வீட்டுக்கு வீடு பேசுகிறார்கள். இன்னொருவர் இறங்கியதற்குச் சாட்சியாக இருந்த சுவர்கூட இன்று இல்லை. 1998-ல் வெளியான ஒரு தபால்தலையும், கேரளத்தில் அவருடைய ஊர் காக்கும் நினைவும்தான் மிச்சம்.

போடி ரயிலில் சென்னை வருபவர்கள், மருத்துவமனை வாசலில் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் ஒரு நிமிடம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். ஊர் திரும்பி டீக்கடையில் உட்காரும்போது, சுவரில் இருக்கும் நேதாஜியைக் காட்டிப் பேரன் அதே கேள்வியைக் கேட்டால், இனி தாத்தாவிடம் பதில் இருக்கும். நீர்மூழ்கியின் கதையோடு அந்த நான்கு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால் போதும். சுவரில் இன்னும் ஆணி அடிக்க இடம் இருக்கிறது.