யாருடைய பிள்ளை?

குடும்பப் பெயர் எந்த மொழியில் தோன்றினாலும், பெரும்பாலும் ஒரே கேள்விக்கு மறுமொழியாகவே தோன்றியிருக்கிறது: நீ யாருடைய பிள்ளை? அயர்லாந்தினரின் பெயர்களில் வரும் 'மக்' என்னும் முன்னொட்டுக்கு மகன் என்றும், 'ஓ' என்பதற்குப் பேரன் என்றும் பொருள். ('மக்' என்பதைக் கேட்டதும் நம் 'மகன்' நினைவுக்கு வரும், அது தற்செயலான ஓசை ஒற்றுமையே, உறவு கொண்டாட வேண்டியதில்லை.) போர்த்துக்கீசிய மொழியில் பெயரின் இறுதியில் நிற்கும் 'எஸ்' தந்தையைச் சுட்டும், பெர்னாந்தெஸ் என்பவர் பெர்னாந்துவின் மகன். ஐஸ்லாந்தில் இன்றளவும் பெரும்பாலோர்க்குப் பரம்பரைப் பெயர் கிடையாது. தந்தை யோன் என்றால் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோத்திர். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். நம் பெயருக்கு முன் நிற்கும் ஒற்றை எழுத்தும் இதே பணியைத்தான் செய்கிறது.

நம் ஆண்டவர் பேசிய அரமேய மொழியில் மகனைக் குறிக்கும் சொல் 'பர்'. பர்த்திமேயு என்ற பெயரை எழுதும் மாற்கு, திமேயுவின் மகன் என்று பொருளையும் தாமே சேர்த்துரைக்கிறார். பர்த்தலமேயு, தல்மாயின் மகன். பரபா என்னும் பெயரோ 'தந்தையின் மகன்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. எந்தத் தந்தை என்று சொல்வதில்லை.

தந்தையைச் சொல்லாத பெயர்களும் உண்டு. பெரைரா என்றால் பேரிக்காய் மரம்; ஒலிவேரா, ஒலிவ மரம்; மச்சாடோ, கோடரி. 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் உடன் கரையேறின. பேரிக்காய் மரமே காணாத பனங்காட்டுக் கரையில் பெரைராக்கள் பிறந்தார்கள். பொருள் மறைந்தது, உறவின் அடையாளம் மட்டும் எஞ்சியது. அதுவும் குறையன்று.

ஆனால், யாருடைய பிள்ளை என்ற கேள்விக்கு மறுமொழி இல்லாத குழந்தைக்கு என்ன பெயர்? இத்தாலி நாட்டின் குடும்பப் பெயர்களில் இதற்கு விடை கிடைக்கிறது. நேப்பிள்ஸ் நகரின் அறிவிப்பு அன்னை இல்லத்துச் சுவரில் ஒரு சுழல் பெட்டி இருந்தது. வெளியே நிற்கும் தாய் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றுவாள். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். எவரும் எவர் முகத்தையும் காண்பதில்லை. 1875இல்தான் அது மூடப்பட்டது. அங்கே வந்த குழந்தைகளுக்கு எஸ்பொசித்தோ என்று பெயரிட்டனர். 'வெளியே விடப்பட்டவர்' என்பது அதன் பொருள். இன்று நேப்பிள்ஸில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களுள் அது ஒன்று. உரோமையிலோ 'எறியப்பட்டவர்' என்று பொருள்படும் புரொயெத்தி. காப்பாற்றிய கையே காயத்தையும் எழுதி வைத்தது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

எல்லா ஊரும் அப்படியன்று. மிலான் நகரில் அத்தகைய குழந்தைகள் கொலொம்போ எனப்பட்டனர். அந்நகர்ப் பெரிய மருத்துவமனையின் சின்னமாகிய புறாவைக் குறிக்கும் பெயர் அது. புளோரன்சு நகரின் மாசற்றோர் இல்லம், ஏரோது கொன்ற குழந்தைகளை நினைவுகூர்ந்து இன்னொசெந்தி என்று பெயரிட்டது. 1445 பிப்ரவரி 5, புனித ஆகத்தம்மாள் திருநாளன்று, அவ்வில்லத்திற்கு வந்த முதல் குழந்தைக்கு ஆகத்தா என்ற பெயரே வழங்கப்பட்டது. தகப்பன் பெயர் இல்லாத இடத்தில் திருநாளின் பெயரை வைத்தார்கள். நேப்பிள்ஸைவிட இவ்வழக்கமே நம் மனத்துக்கு இசைகிறது.

1563இல் திரெந்து பொதுச்சங்கம் பதிவேடுகளைக் கட்டாயமாக்கியதிலிருந்து இந்தப் பேனா பங்குத்தந்தையர் கையில் இருக்கிறது. பழைய இலத்தீன் ஏடுகளில் 'தந்தை அறியப்படாதவர்' என்ற சொற்களை எத்தனையோ குருக்கள் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அத்தகையோர் குருவாவதற்கே தடை விதித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. அதன் 877ஆம் விதி, மணமாகாத தாய் விரும்பிக் கேட்டால் அவர் பெயரை எழுத வேண்டும் என்கிறது. தந்தைமை உரிய முறையில் நிறுவப்படாதபோது தந்தையின் பெயரைக் குறிக்காமலே பதியச் சொல்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 2015இல், தந்தையின் பெயரை வெளியிட மறுத்த ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கில், அவர் அதை வெளியிடத் தேவையில்லை என்றே தீர்ப்பளித்தது.

நாசரேத்து ஊரார் இயேசுவை மரியாவின் மகன் என்று குறிப்பிட்டதை மாற்கு எழுதுகிறார். ஓர் ஆணைத் தாய் பெயரால் சுட்டுவது அக்காலத்தில் அரிது. மத்தேயு அவ்விடத்தில் தச்சரின் மகன் என்கிறார். லூக்காவோ யோசேப்பின் மகன் என்கிறார். மாற்கின் சொல்லில் ஊராரின் ஏளனம் ஒலிக்கிறதா என்று விவிலிய அறிஞர் வாதிடுவர். பங்கில் பல்லாண்டு இருந்த நமக்கு அது கேட்கத்தான் செய்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கைக்குழந்தையோடு ஒரு பெண் பங்கு அலுவலகத்துக்கு வந்தார். உபதேசியார் வழக்கம்போல் உரத்த குரலில், "தகப்பன் பேரு?" என்றார். வாசலில் பூசைக் கருத்துக் கொடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாம் உபதேசியாரை மணியடிக்க அனுப்பிவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டோம்.

"என் பேரு போதும் சாமி. இனிஷியலும் என் எழுத்துதான்" என்றார் அப்பெண். அழவில்லை. கேட்டபடியே எழுதினோம். தந்தைக்குரிய கட்டம் வெறுமையாக நின்றது. அதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல ஒரு கோடு போட்டுடுங்க சாமி. பின்னாடி யாரும் எதையும் எழுதிடக் கூடாது."

அடிக்கோலை வைத்து, மை காயும்வரை பொறுத்திருந்து, கட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கோடிட்டோம்.