மாமரத்தை நட்டவள்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் இடம்பெயர்வு எனக்கு ஒரு பாடமாக இருந்தது. அதை எனக்கு உண்மையில் விளங்க வைத்தவர் முள்ளிக்குளத்து அம்மா ஒருவர்.

2007 செப்டெம்பரில் அவரது ஊர் முழுவதும் வெளியேறியது. பின்னர் அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. திரும்பி வந்த சனங்கள் மலங்காட்டில் கொட்டில்களில் இருந்தார்கள். 2017 மார்ச் 23 ஆம் திகதி பெண்கள் முன்னின்று போராட்டத்தில் அமர்ந்தார்கள். 38 நாட்களின் பின் 100 ஏக்கரை விடுவதாகக் கடற்படை அறிவித்தது. சில வீடுகளில் அதிகாரிகளின் குடும்பங்கள் இருந்தபடியால், அவற்றுக்குத் தவணை சொல்லப்பட்டது.

அம்மாவின் வீடும் அவற்றில் ஒன்று. நான் போன நேரம் அவர் வேறொரு துண்டுக் காணியில் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டில இருந்த பொம்பிளையும் முத்தத்தில பூக்கண்டு வைச்சிருந்தவவாம். என்ர மாமரத்துக்கும் தண்ணி ஊத்தியிருப்பா. அவவில எனக்குக் கோவமில்லைப் பிள்ளை. ஆனா மரத்தை நட்டது நான்."

எனக்குப் பதில் வரவில்லை.

கடலுக்குப் போவதை விட்ட ஐயா, ஆடு வராமல் பனைமட்டையால் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். உடுப்புத் தோய்க்கிற தண்ணீர் வாழைக்குப் போக வாய்க்கால் வெட்டியிருந்தார். "வலை பொத்தின கைக்கு இப்பதான் மண் பிடிபடுது" என்று சிரித்தார்.

"இந்தக் காணிப் பேமிற் ஆரின்ர பேரில ஐயா?" என்று கேட்டேன்.

"என்ர பேரிலதான்."

"பின்னுரித்தாளராக ஆரைப் போட்டிருக்கிறியள்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

சகோதரிகளே, அரச காணி அனுமதிப்பத்திரங்களுக்கான சட்டம் 1935 ஆம் ஆண்டினது. பெயர் குறிக்காவிட்டால் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைகளையே அது முன்னால் வைத்தது. 2022 இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறினாலும் கடதாசியில் பெயர் இருப்பது பின்னாளில் வரும் பிணக்குகளைக் குறைக்கும்.

அடுத்த கிழமை இருவரும் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். அம்மாவின் பெயர் எழுதப்பட்டது. திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, வேலியோரம் ஒரு மாங்கன்று நட்டது.

இன்றைக்கே உங்கள் பெட்டியைத் திறந்து காணிக் கடதாசியை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் அதில் எங்கே இருக்கிறது?