நாலுக்கு அப்புறம் ஒன்று!

எங்கள் ஆபீஸில் இதுவரை மூன்றே மூன்று விஷயங்களுக்குத்தான் சண்டை வந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர், ஃபேன் யார் தலைக்கு மேலே என்பது, கான்டீன் வடையின் சுற்றளவு. நாலாவதை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். செய்த குற்றம் இவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டின்போது, "ஏழாவது படிக்கிற என் பையன் 'ஸ்டார் வார்ஸ்' பார்க்கணும்கிறான். எதிலேர்ந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"இதென்ன கேள்வி? ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க" என்றார் கேஷியர். கிழிந்த நோட்டைக்கூட வரிசை எண் பார்த்து அடுக்குகிற மனுஷர்.

"ஐயையோ, நாலுலேர்ந்து ஸார்!" என்று டெஸ்பாட்ச் தம்பி தயிர் சாதத்தோடு எழுந்து ஓடி வந்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் லூகாஸ் என்ற அமெரிக்க டைரக்டர் 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தார். 1980-லும் 1983-லும் அதன் தொடர்ச்சி வந்தது. கதை முடிந்தது, சுபம். பதினாறு வருஷம் கழித்து மனுஷருக்கு என்ன தோன்றியதோ, 1999-ல் முதல் படத்துக்கு முந்தின கதையை எடுத்தார். 2002-லும் 2005-லும் இன்னும் இரண்டு. கதைப்படி இவைதான் முதலில் நடப்பதால் இவற்றுக்கு 1, 2, 3 என்று நம்பர். 1977-ல் பிறந்த மூத்த பிள்ளை நாலாம் நம்பர். எங்கள் ரேஷன் கார்டில் இப்படி எழுதியிருந்தால் தாலுகா ஆபீஸுக்கு ஆறு தடவை அலைய விட்டிருப்பார்கள்.

இந்தப் படங்களின் வில்லன் டார்த் வேடர். கறுப்பு முகமூடி, கறுப்பு அங்கி. துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு மூச்சுச் சத்தம். அந்த முகமூடிக்குள்ளே இருப்பது கதாநாயகன் லூக்கின் சொந்த அப்பாதான் என்பது 1980-ல் வந்த படத்தில் வெடிக்கிற குண்டு. அனக்கின் என்ற நல்ல பையன் எப்படி இந்த வேடர் ஆனான் என்பதுதான் பின்னால் வந்த மூன்று படங்களின் கதை.

"ஒண்ணுலேர்ந்து பார்த்தா அந்தக் குண்டு புஸ்ஸுனு போயிடும் ஸார். அதுவுமில்லாம, அந்த முதல் படம் எதிலே ஆரம்பிக்குது தெரியுமா? வியாபார வழிக்கு வரி போட்டதிலே தகராறாம்! நாள் பூரா நாம ஆபீஸ்லே பாக்குறதை ஞாயித்துக்கிழமை விண்வெளியிலேயும் பாக்கணுமா?" என்றான் தம்பி.

அவன் குற்றப்பத்திரிகை நீளமானது. காதை ஆட்டிக்கொண்டு உளறும் ஜார் ஜார் என்கிற ஜந்து. அப்புறம் 'ஃபோர்ஸ்' சமாசாரம். பழைய படங்களில் அது பிரபஞ்சம் பூராவும் பரவியிருக்கிற ஒரு சக்தி. கேட்டால் சாமி சக்தி மாதிரி உடம்பு சிலிர்க்கும். 1999 படத்தில், ரத்தத்தில் 'மிடிக்ளோரியன்' என்ற நுண்ணுயிர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். "சாமியை லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கிட்டாய்ங்க ஸார்!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

இதற்குள் சூப்பரின்டெண்டெண்ட் அம்மா வந்து, "முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குப்பா காசு குடுத்துப் பாக்கணும்?" என்றார்கள்.

கேஷியர் டிபன் பாக்ஸை மூடிவிட்டு நிமிர்ந்தார். "மேடம், கூத்திலே அபிமன்யு சாகப்போறான்னு தெரியாமலா ஜனங்க விடிய விடிய உக்காந்திருந்துச்சு? அதெல்லாம் விடுங்க. 2015-ல கட்டப்பா பாகுபலியைக் குத்திட்டான்னு ஊருக்கே தெரியும். ஏன் குத்தினான்னு தெரிஞ்சுக்க 2017 வரைக்கும் நாடே காத்துக் கிடக்கலையா? அதிலே பெரும்பகுதி முன்கதைதானே?"

அசந்து போனோம். சர்வீஸில் சேர்ந்த நாளாக அவர் இத்தனை நீளமாகப் பேசியதில்லை.

தம்பி விடவில்லை. 'பில்லா 2'-ஐ இழுத்தான். 2007-ல் வந்த 'பில்லா'வுக்கு முந்தின கதையை 2012-ல் எடுத்துவிட்டு, அதற்கு 2 என்று நம்பர் போட்ட கொடுமையைச் சொன்னான். பிறகு 'ஏலியன்'. 1979-ல் வந்த அந்தப் படத்தில், ஒரு பாழடைந்த விண்கலத்தில் ராட்சத உருவம் ஒன்று செத்து உட்கார்ந்திருக்கும். அது யார், ஏன் செத்தது, ஒரு வார்த்தை கிடையாது. அதனாலேயே வயிற்றைக் கலக்கும். 2012-ல் 'ப்ரோமிதியஸ்' வந்து அது யாரென்று விளக்கிச் சொன்னது. "விளக்கினதும் பயம் போயிடுச்சு ஸார். பேய் வீட்டுக்கு டியூப்லைட் போட்ட கதை!"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் 2011-ல் ஆரம்பித்த குரங்குப் படங்கள், போன 2025 அக்டோபரில் வந்த 'காந்தாரா சாப்டர் 1' என்று கேஷியர் பக்கமும் சாட்சிகள் இருந்தார்கள். மணி அடித்து, ஃபைல்கள் கூப்பிட்டன. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

அமெரிக்காவில் ஒருவர் 2011-ல் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். முதலில் 4, 5. அப்பா யாரென்று குண்டு வெடித்ததும் 2, 3-ஐப் பார்த்துவிட்டு, கடைசியில் 6-க்கு வரவேண்டும். ஒன்றாம் நம்பரைக் கழித்துக் கட்டிவிட்டார். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதுதானே நாம் காலங்காலமாகச் செய்துகொண்டிருப்பது? 1995-ல் 'பாட்ஷா'வில் ஆட்டோக்கார மாணிக்கத்தை முதலில் காட்டி, அவர் யாரென்று நம்மைத் தவிக்கவிட்டு, அப்புறம்தானே ஃப்ளாஷ்பேக்கைத் திறந்தார்கள்? நம் ஊரில் கொசுவர்த்திச் சுருளைச் சுற்றி அரை மணியில் முடிப்பதை அவர்கள் மூன்று டிக்கெட்டாகக் கிழித்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்றாம் நம்பரைத் தள்ள மனசு வரவில்லை. ஆகவே 4, 5, பிறகு 1, 2, 3, கடைசியில் 6. ஆறு ஞாயிற்றுக்கிழமை. நாகல் நகரில் எங்கள் வீட்டு ஹால். பையன், நான், கூடவே ஈஸிசேரில் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் பூட்டுப் பட்டறையில் லீவருக்கு அரம் போட்டவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவே கொண்டாடியது. அப்பா, "நல்ல பூட்டுக்கு எதுக்குச் சர்ட்டிபிகேட்?" என்று நாலே வார்த்தையில் முடித்துக்கொண்டார். வார்த்தைகளை எண்ணித்தான் செலவு செய்வார். டார்த் வேடரை முதன்முதலில் டி.வி.யில் பார்த்தபோது, நானும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றும் சொல்லவில்லை. குறட்டைகூட அதே சுருதி.

அந்தப் பெயருக்குக் காரணமான சம்பவம் 1998-ல் நடந்தது. ஒன்பதாவது படிக்கும்போது டியூஷனுக்கு மட்டம் போட்டுவிட்டு ஃபர்ஸ்ட் ஷோ போய்விட்டேன். படம் விட்டு வெளியே வந்தால், எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார். அடிக்கவில்லை, திட்டவில்லை. "ஏறு" என்றுகூடச் சொல்லவில்லை. வீடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். ஒரு வாரம் என்னோடு பேச்சு கிடையாது. அடித்திருந்தால் மறந்திருப்பேன். அந்த மௌனம் மட்டும் என் மனசில் உட்கார்ந்துவிட்டது. இவருக்குச் சினிமாவும் பிடிக்காது, என்னையும் பிடிக்காது என்று நானாக எழுதிக்கொண்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அதுதான் என்னிடம் இருந்த ஒரே பிரதி.

முதல் ஞாயிறு. லூக்கின் மாமா பாலைவனத்தில் மெஷின் வைத்துக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எங்கே விக்கிறான்?" என்றார். குடத்தோடு லாரிக்கு நின்ற திண்டுக்கல்காரர் வேறு என்ன கேட்பார்? இரண்டாம் ஞாயிறு குண்டு வெடித்தது. பையன் வாயைப் பிளந்தான். டெஸ்பாட்ச் தம்பிக்கு ஒரு மார்க்.

மூன்றாம் ஞாயிறு, அந்தப் பழிகாரன் ஜார் ஜார் வந்தான். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். இவை பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கான படம் என்று லூகாஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுப் பன்னிரண்டு வயசு ஒத்துக்கொண்டது. கேஷியருக்கு ஒரு மார்க்.

நாலாம் ஞாயிறு, இரண்டாம் நம்பர் படம். ரசிகர்கள் அதிகம் கிண்டல் செய்கிற படம். காதல் வசனங்களில் நானே நெளிந்தேன். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. அம்மாவுக்கு ஏதோ ஆபத்து என்று கனவு கண்டு, அனக்கின் அவளைத் தேடிப் போகிறான். கண்டுபிடிக்கும்போது அவளுக்கு உயிர் ஊசலாடுகிறது. மகன் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கையிலேயே செத்துப்போகிறாள்.

"பாவம். இவனாவது முகத்தைப் பாத்தான்" என்றார் அப்பா.

எனக்குப் புரியவில்லை. பையன் படத்தை நிறுத்தினான். அப்பா டி.வி.யைப் பார்த்தபடியே பேசினார்.

1973, மே மாசம். அவருக்கு இருபது வயசு. திண்டுக்கல்லில் இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்து ஏழு மாசம். சுவரெல்லாம் இரட்டை இலை. அப்பாவும் சுண்ணாம்பு வாளியோடு அலைந்தவர்தானாம்! (எங்கள் அப்பா!) அந்த மாசம்தான் 'உலகம் சுற்றும் வாலிபன்' ரிலீஸ். மதுரையில் பார்த்தே தீருவதென்று, வீட்டில் சொல்லாமல் சிநேகிதனோடு சைக்கிளில் கிளம்பியிருக்கிறார். சின்னாளபட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி என்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்து, செகண்ட் ஷோ பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கி, மறுநாள் மத்தியானம் திரும்பினால், வாசலில் பந்தல்.

"ராத்திரி எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி. என்னைக் கேட்டிருக்காரு. நம்மூர்த் தியேட்டர் ஒவ்வொண்ணா ஆள் விட்டுத் தேடியிருக்காய்ங்க. நான் மதுரையிலே இருக்கேன்னு யாருக்குத் தெரியும்? விடியக்காலம் முடிஞ்சுபோச்சு."

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். "அப்புறம் தியேட்டர் வாசலை மிதிச்சது நீ டியூஷனுக்குப் போகாத அன்னிக்குத்தான். உன்னைத் தேடி மூணு தியேட்டர் அலைஞ்சேன். கோவம் இல்லைடா. கால் நடுங்குச்சு. சைக்கிள் மிதிக்க முடியலை. அதான் தள்ளிட்டு வந்தேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. 1998-ன் அந்தத் தெரு எனக்குள் மறுபடி ஓடியது. அதே சைக்கிள், அதே மௌனம். ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. ஆனால் படம் வேறாகியிருந்தது.

ஆறாம் ஞாயிறு. கடைசிப் படத்தில், சாகிற தறுவாயில் வேடரின் முகமூடியை லூக் கழற்றுகிறான். உள்ளே வெளிறிப்போன ஒரு கிழவன் முகம். முன்பு பார்த்தபோது, 'ப்பூ, இவ்வளவுதானா' என்று தோன்றிய முகம். இந்தத் தடவை அதில் பாலைவனத்தில் அம்மாவை விட்டுப் பிரிந்த ஒன்பது வயசுப் பையனும், லேட்டாகப் போய்ச் சேர்ந்த மகனும் தெரிந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஃபேன் காற்றில் தூசி.

திங்கட்கிழமை ஆபீஸில் தீர்ப்பைச் சொன்னேன். முன்கதை நல்லதா, கெட்டதா என்று முன்கதைக்குள்ளே தேடிப் பிரயோஜனம் இல்லை. அதைப் பார்த்துவிட்டுப் பழைய படத்தை மறுபடி பார்க்க வேண்டும். பழையது பெரிசாகியிருந்தால் அது நல்ல முன்கதை. சிறிசாகியிருந்தால் தண்டம். மிடிக்ளோரியன் 'ஃபோர்ஸை'ச் சிறிசாக்கியது. தம்பி சொன்னது சரி. அனக்கினின் கதை அந்த முகமூடியைப் பெரிசாக்கியது. கேஷியர் சொன்னதும் சரி. ஆனால் எந்த முன்கதையையும் பின்னால்தான் பார்க்க வேண்டும். 1973-ஐ எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால், 'சரி சரி' என்று கேட்டுவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போயிருப்பேன்.

"அப்ப நாலுக்கு அப்புறம்தான் ஒண்ணு!" என்று தம்பி குதித்தான். கேஷியர் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

போன ஞாயிறு, பையனின் வற்புறுத்தலில் 'உலகம் சுற்றும் வாலிபன்' பார்த்தோம். மின்னலின் சக்தியைப் பிடித்து அடைக்கிற விஞ்ஞானி, அண்ணனைத் தேடி வரும் தம்பி ராஜு. அப்பா ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாடியே கதை சொன்னார். படம் முடிந்தது. அடுத்த படம் 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று அறிவிப்பு வந்தது.

"தாத்தா, அதைப் போடுங்க!" என்றான் பையன்.

"அது வரவே இல்லைடா. 1977-ல அவர் முதலமைச்சராயிட்டாரு. உங்கப்பன் ஆபீஸ்லே முன்கதை எதுக்கு வந்துச்சுன்னு சண்டை போடுறாய்ங்க. எனக்கு அம்பது வருஷமாப் பின்கதையே வரலை!"

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். துருத்தி ஊதுகிற மாதிரி, மூச்சு இரைக்க இரைக்க.