படகுப் பலகைப் பரண்

ஆயா வீட்டுக்குள் குனியாமல் நுழைந்தவர் யாரும் இல்லை. மரக்காணத்தில் உப்பளத்தைப் பார்த்தபடி நின்ற மண்சுவர் வீடு அது. கீற்றுக்கூரை என் தோள் உயரத்துக்கு இறங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும் காற்று, நிமிர்ந்து நிற்கும் கூரையைத்தான் முதலில் பிடிக்கும். சாரலிலிருந்து சுவரைக் காத்ததும் அந்தத் தாழ்ந்த கூரைதான். நனைந்தால் மண்சுவர் கரைந்துவிடும் அல்லவா?

அப்படிப்பட்ட வீட்டிலும் ஆயா ஒரு பரணுக்கு இடம் கண்டுபிடித்திருந்தாள். அடுப்புக்கு மேலே, சுவருக்குச் சுவர் இரண்டு பனஞ்சட்டம். அவற்றின்மேல் படகுப் பலகைகள். ஆந்திரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் எங்கள் ஊரருகேதான் முடிகிறது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் அதில் படகேறிச் சென்னைக்குப் போயின. ஓடி ஓய்ந்த படகு ஒன்றை உடைத்தபோது தாத்தா வாங்கி வந்த பலகைகள் அவை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலும் தார் வாசனை போகவில்லை. ஒரு ஆணிகூடக் கிடையாது, எல்லாம் தேங்காய்நார்க் கயிற்றுக் கட்டு. "உப்புக் காத்துல இரும்பு நிக்காது, கயிறு நிக்கும்" என்பாள் ஆயா.

பலகைக்கும் முகட்டுக்கும் நடுவே மூன்றடி இருந்தால் அதிகம். பெரியவர்கள் ஏற முடியாது. ஏழு வயதில் பரண் என் பொறுப்புக்கு வந்தது.

"தலையப் பாத்துடா, கைமரம் இடிக்கும்!"

எதை எங்கே வைப்பது என்பதில் ஆயா மிகவும் கண்டிப்பு. முகட்டுக்கு நேராக உயரமான பானைகள்: புளி, கேழ்வரகு, விதைக்கு எடுத்துவைத்த கம்பு. கூரை சரிகிற பக்கம் சுருட்டிய கோரைப்பாயும் முறமும். ஐப்பசி பிறந்ததும் அம்மாவின் உப்பு வாரும் பலகையும் அங்கே போய்விடும். புகை நன்றாக ஏறும் இடத்தில் கருவாட்டுக் கூடை. புகை படிந்தால் வண்டு அண்டாது. அரிவாளும் ரேஷன் கார்டும் எரவாணத்தில் செருகியிருக்கும். உப்பை மட்டும் பரணில் ஏற்ற விடமாட்டாள். அளத்து உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு மழைக்காற்றின் ஈரத்தை இழுத்து நீர்விடும். அந்த நீர் சொட்டினால் கீழே அடுப்பு, சோறு, எல்லாம் பாழ். அடுப்போரத்துச் சாடிதான் உப்புக்கு.

மழை தொடங்கிவிட்டால் பாத்திகள் மூழ்கிவிடும். தை பிறந்து, நீர் வடிந்து, பாத்தியை மிதித்துச் சீர்செய்யும்வரை அளத்தில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்கான சோறு பரணில்தான் இருந்தது. நான் மேலே தவழ்ந்துபோய்ப் பானையைத் திறப்பேன். கீழிருந்து ஆயா கேட்பாள், "எத்தினி படி இருக்கும்?" கையை விட்டுப் பார்த்துச் சொல்வேன். குறைவாகச் சொன்னால் அவளிடமிருந்து கொஞ்ச நேரம் பேச்சே வராது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஒருமுறை இரண்டு படி கூட்டிச் சொல்லிவிட்டேன். அதை நம்பி உலை வைத்தாள். கார்த்திகை முடியுமுன் பானை காலி. பக்கத்து வீட்டில் கேழ்வரகு கடன் வாங்கி வந்தவள் என்னைத் திட்டவில்லை. "இருக்கறத இருக்கறாப்பல சொல்லுப்பா" என்றாள், அவ்வளவுதான். நாற்பது வருடமாகியும் அதை நினைத்தால் மனசு கூசுகிறது.

பரணில் படுத்தபடி கூரை இடுக்கு வழியே பார்த்தால் வரப்பில் உப்பு அம்பாரங்கள் தெரியும். அவற்றுக்கும் கீற்றுதான் போர்வை. வரிசையாகக் குட்டி வீடுகள் குனிந்து நனைவதுபோல் இருக்கும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. முந்தைய ராத்திரியே ஆயாவைத் தெருக்கோடி மாடிவீட்டுக்குக் கூட்டிப்போயிருந்தோம். காற்று அடங்கித் திரும்பியபோது கூரையைக் காணோம். வெட்டவெளியில், நனைந்த சுவர்கள்மேல் பரண் மட்டும் அப்படியே நின்றது. கைமரங்கள் பிய்ந்துபோயிருந்தன, கயிற்றுக் கட்டு ஒன்றுகூட அவிழவில்லை. புளிப்பானை மூடியோடு இருந்தது. ஆயா சட்டத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிறகு கான்கிரீட் வீடு கட்டினோம். நிமிர்ந்து நுழைந்தோம். அதற்கு நான் இன்றும் சந்தோஷப்படுகிறேன், அம்மாவின் முதுகு அவ்வளவு வளைந்திருந்தது. சுவரோடு ஒரு சிலாப்பும் போட்டோம். அடுப்பு வேறு பக்கம் போய்விட்டதால் அதற்குப் புகை எட்டுவதில்லை. புளி பூசணம் பிடித்தது. சில வருடங்களிலேயே உள்ளே கம்பி துருவேறிப் பருத்து, அடியில் காரை பெயர்ந்து விழத் தொடங்கியது.

பலகைகளில் மூன்று மிஞ்சின. இரண்டை அம்மா கட்டில் மாதிரிப் போட்டுக்கொண்டாள். இன்னொன்று வாசல் திண்ணையில் கிடக்கிறது. வெயில் ஏறினால் இன்னமும் லேசாகத் தார் வாசனை வருகிறது.