கோயிலும் தேவாலயமும் சொல்லாத மயிலாப்பூர்

மயிலாப்பூரின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் கபாலீஸ்வரர் கோயில் குளத்தங்கரையில் தொடங்குகிறார்கள். கொஞ்சம் தாராள மனம் உள்ளவர்கள் சாந்தோம் தேவாலயம் வரை நடப்பார்கள். இன்னும் தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வரை வருகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் இந்த ஊர் ஊரானதே தண்ணீரால்தான். சபாக்களும் மாட வீதிகளும் பேர் வாங்குவதற்கு நெடுங்காலம் முன்பே மயிலாப்பூர் ஒரு துறைமுகம், மீன்பிடி ஊர்.

இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறித்த 'மலியார்பா' இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சம்பந்தரின் மயிலைப் பதிகத்தில் மாசிக் கடலாட்டு வருகிறது. 1520களில் போர்ச்சுக்கீசியர் சாந்தோமில் குடியேறினார்கள். 1639இல் ஆங்கிலேயர் வடக்கே மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்தபோது, சாந்தோம் ஏற்கெனவே நூறாண்டு கண்ட வணிகத் துறை. பிறகு 1662இல் கோல்கொண்டா, 1672இல் பிரெஞ்சுக்காரர், 1749இல் ஆங்கிலேயர் என்று அது கைமாறிக்கொண்டே இருந்தது. 1746இல் ஆற்காட்டு நவாபின் படையைப் பிரெஞ்சுப் படை தோற்கடித்ததும் இந்த அடையாற்றங்கரையில்தான்.

கொடிகள் மாறின. கரையில் வேலை செய்தவர்கள் மாறவில்லை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போடும். சரக்கும் மனிதரும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும், கவர்னரே ஆனாலும் அப்படித்தான். ஆணி அடித்த படகு இங்குள்ள அலையில் பிளந்துவிடும் என்பதால் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். அந்தப் படகைக் கட்டியவர்கள், அலையின் ஓட்டம் தெரிந்து அதைச் செலுத்தியவர்கள் கடற்கரைக் குப்பத்து மக்கள். ஒரு பேரரசின் வணிகமே அவர்கள் கையை நம்பி நடந்தது.

கரைக்கு வந்த பிறகு நடந்த வேலையில் சேரிக்கும் பங்கு உண்டு. மூட்டை இறக்குவது, கூடை சுமப்பது, மீனுக்கு உப்புப் போடுவது, பின்னாளில் ஐஸ் உடைப்பது. என் பாட்டி கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்து மந்தைவெளி, தேனாம்பேட்டை என்று தெருத்தெருவாக விற்றவர். கடலோடு வாழ்ந்தவர், ஆனால் எந்தக் கணக்கிலும் அவர் மீனவர் இல்லை. படகு அவருடையதில்லை, வலை அவருடையதில்லை, குப்பமும் அவருடையதில்லை. துறைமுகத்தின் வரலாறு எழுதப்படும்போது இப்படிப்பட்டவர்கள் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்? நான் இதுவரை பார்த்த பக்கங்களில் இல்லை.

இன்று எல்லோரும் காற்று வாங்கும் மெரினாவின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1870களில் வடக்கே செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். அதன் சுவர் மணலின் ஓட்டத்தைத் தடுத்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் நிலத்தைத் தின்றது, தெற்கே மணல் சேர்ந்து கடற்கரை அகன்றது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு 'மெரினா' என்று பெயர் வைத்தார். ஏற்கெனவே அங்கே வாழ்ந்த குப்பங்கள் அன்றிலிருந்து 'அழகுக்கு இடைஞ்சல்' ஆயின. 1985இல் மெரினாவிலிருந்து படகுகளை அப்புறப்படுத்த அரசு முனைந்தது, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2017 ஜனவரி 23 உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாளில் அடிபட்டு ஓடிவந்த மாணவர்களுக்கு நடுக்குப்பம் கதவைத் திறந்தது. அதன் மீன் சந்தை எரிந்தது. எரித்தவர்கள் போலீஸ்காரர்களே என்று அங்குள்ள பெண்கள் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார்கள்.

ஆற்றங்கரையிலும் இதே கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றோரக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளியும் நகரத்துக்குள், வீடு மட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடிக்கும்போது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதே முகத்துவாரப் பகுதியில்தான் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. ஆற்றைக் காப்பாற்ற வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாரிடமிருந்து? கோயிலும் தேவாலயமும் கரையில் இருந்தால் பாரம்பரியம். அதே கரையில் குடிசை இருந்தால் ஆக்கிரமிப்பு. ஆற்றின் கொள்ளளவைக் குறைத்த பெரிய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அந்தச் சொல் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

தோழர்களே, இதுவரை சொன்னதை நாம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். நாம் பேசத் தயங்குவது ஒன்று இருக்கிறது. குப்பமும் சேரியும் ஒரே அடியை வாங்குகின்றன, ஆனால் அவை ஒன்றல்ல. மீனவச் சாதிகள் பட்டியல் சாதிகள் இல்லை. கடல் யாருக்கு, கரை யாருக்கு என்று தீர்மானிக்கும் ஊர்ப் பஞ்சாயத்தில் சேரிக்கு நாற்காலி இல்லை. 2004 சுனாமி இதை அம்பலமாக்கியது. நாகப்பட்டினம், கடலூர் பகுதிகளில் தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதையும், நிவாரணம் கிடைக்காமல் போனதையும் உண்மை அறியும் குழுக்கள் பதிவு செய்தன. படகையும் வலையையும் இழந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது. படகில் கூலிக்குப் போனவருக்கு, கழிமுகத்தில் கையால் இறால் பிடித்தவருக்கு, கருவாடு விற்றவருக்குக் காட்ட ஒரு தாளும் இல்லை. என் பாட்டி விடுபட்ட அதே கணக்குதான்.

இதற்காக மீனவர் போராட்டத்திலிருந்து விலகி நிற்கச் சொல்லவில்லை. இந்த நகரத்திலேயே வேறு ஒரு மரபும் இருக்கிறது. முகத்துவாரத்தின் தென்கரையில் ஊரூர். அங்கே 1894இல் கர்னல் ஆல்காட் தீண்டப்படாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரோடு இலங்கை சென்று பௌத்தம் தழுவினார், சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலரும் அந்தக் காலத்துச் சென்னைப் பௌத்தத்தில் முன்னணியில் நின்றவர். இருவருக்கும் கடுமையான கருத்து மோதல் இருந்தது உண்மை. ஆனாலும் சாதியை மறுக்கும் ஒரே மேடையைச் சுற்றித்தான் சண்டை போட்டார்கள். அதே சிங்காரவேலர்தான் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தை இந்தக் கடற்கரையில் கொண்டாடினார். குப்பத்தில் பிறந்தவரும் சேரியில் பிறந்தவரும் ஒரே கேள்வியைக் கேட்ட காலம் அது. நாம் மீட்க வேண்டிய பாரம்பரியம் என்றால் அதுதான்.

அதனால் கணக்கெடுப்புக்கும் கள ஆய்வுக்கும் போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். படிவத்தில் 'படகு உண்டா, பட்டா உண்டா' என்பதோடு நிறுத்தாதீர்கள். கூடை சுமந்தது யார், மீன் வெட்டுவது யார், எந்த ஆண்டு எந்தக் கரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் மீனவர் குடியிருப்புத் தேவையைப் பேசுகின்றன. கடலை நம்பி வாழும் மற்ற உழைப்பாளிகளின் பெயரை அதில் ஏற்ற வேண்டுமானால், முதலில் அந்தப் பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கல்வெட்டில் பேர் வராதவர்களுக்கு நோட்டுப் புத்தகம்தான் கல்வெட்டு. எழுதத் தொடங்குங்கள்.